மூழ்கும் கம்பனியைத் தூக்கி விட யாருடைய காசு?

அரசாங்கம் ஒரு பெரிய கம்பனியைக் காப்பாற்றுகிறது என்றதும், அமைச்சர் ஒருவர் காசுப் பெட்டியோடு போய் இறங்குவதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கொழும்புக் கோட்டையில் உள்ள திறைசேரிக் கட்டடத்தில் ஒரு கடிதத்தில் கையெழுத்து விழும், அவ்வளவுதான். "இந்தக் கம்பனி வாங்கும் கடனை அது கட்டாவிட்டால் நாங்கள் கட்டுவோம்" என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதை வைத்துக்கொண்டு அரச வங்கி கடன் கொடுக்கும். அன்றைக்குத் திறைசேரியை விட்டு ஒரு சதமும் வெளியே போகாது. பத்திரிகையில் செய்தியும் வராது. பல வருடம் கழித்து அந்தக் கையெழுத்து வற் வரியாகவோ மின்பட்டியலாகவோ வீட்டுக்கு வந்து சேரும்போது, இரண்டுக்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் ஞாபகம் இராது.

நட்டத்தில் போகும் பெரிய கம்பனிகளைப் பொதுப்பணத்தில் தூக்கி நிறுத்தலாமா, கூடாதா என்பது உலகம் முழுக்க நடக்கும் பழைய சண்டை. வெள்ளவத்தையில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "என்ர கடை விழுந்தா ஆர் வந்து தூக்கிறது?" என்று ஒரே வரியில் பதில் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் "கம்பனியைக் காப்பாற்றுவது" என்ற பேச்சுக்குள் மூன்று நான்கு வெவ்வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்தால்தான் எதற்குத் தலையாட்டலாம், எதற்குக் கூடாது என்று தெரியும்.

வெள்ளிக்கிழமைக் காசோலை

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் இரண்டு மொத்த வியாபாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் எழுதிக் கொடுத்த ஐம்பது இலட்சம் ரூபாக் காசோலை வெள்ளிக்கிழமை வங்கிக்கு வருகிறது. இருவர் கணக்கிலும் காசில்லை. முதலாமவரின் பருப்புக் கொள்கலன் துறைமுகத்தில், சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே வந்தால் எண்பது இலட்சத்துக்குப் போகும். வர இன்னும் பத்து நாளாகும். இரண்டாமவருக்குத் துறைமுகத்தில் எதுவும் இல்லை. இரண்டு வருடமாக வாங்கின விலையை விடக் குறைத்து விற்று, பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்து ஓட்டியிருக்கிறார். கடையில் கிடக்கும் மூட்டை அத்தனையையும் விற்றாலும் முப்பது இலட்சம் தேறாது.

முதலாமவருக்குப் பத்து நாள் கைமாற்றுக் கொடுத்தால் கடை பிழைக்கும், கொடுத்தவருக்கு வட்டியோடு காசு திரும்பும். கொடுக்க ஆளில்லாவிட்டால் ஒழுங்காக நடந்த கடை ஒன்று வீணாக மூடப்படும். இரண்டாமவர் கதை வேறு. அவருக்குக் கொடுக்கும் ஐம்பது இலட்சம் அவரிடம் ஓர் இரவுகூடத் தங்காது. நேரே பழைய கடன் கொடுத்தவர்களிடம் போய்விடும். அடுத்த மாதம் அவர் இன்னும் பெரிய தொகைக்குக் கை நீட்டுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாம் ஒரு வியாபாரியைக் காப்பாற்றியது போல் தெரியும். உண்மையில் காப்பாற்றப்பட்டவர்கள் அவருக்கு யோசிக்காமல் கடன் கொடுத்தவர்கள்.

முதலாவது காசுத் தட்டுப்பாடு, இரண்டாவது வங்குரோத்து. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்டர் பேஜெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் மத்திய வங்கிகளுக்கு ஒரு விதி சொன்னார்: நெருக்கடியில் தாராளமாகக் கடன் கொடு, ஆனால் நல்ல பிணை வாங்கு, வட்டியைக் கூட்டிப் போடு. பிணை இல்லாதவன் இரண்டாம் வியாபாரி. வட்டி கூட என்றால், வேறு வழியில்லாதவன் மட்டும்தான் வந்து நிற்பான். மத்திய வங்கியாளர்கள் இன்றைக்கும் இந்த விதியைத்தான் சொல்கிறார்கள். அதன்படி நடக்கிறார்களா என்பது வேறு விடயம்.

சிக்கல் என்னவென்றால், நெருக்கடி நேரத்தில் இருவரும் ஒரே முகத்தோடுதான் வருவார்கள். "பத்து நாள் தாருங்கோ ஐயா, கொள்கலன் வருது" என்று சொல்லாத கம்பனித் தலைவர் உலகத்தில் எங்கும் இல்லை. அமைச்சர் முடிவெடுக்க வேண்டியது அன்றிரவு. கணக்காய்வு முடிய மாதக்கணக்காகும். இதனால்தான் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் மீட்புகளும் பல நேரம் இரண்டாம் வியாபாரியின் கையில் போய் முடிகின்றன.

ஒன்று விழுந்தால் மற்றதும் விழுமா?

ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை மூடப்பட்டால் அங்கே வேலை செய்தவர்களுக்குப் பெரிய அடி. ஆனால் அடுத்த நாளும் கடையில் வேறு சவர்க்காரம் இருக்கும். வங்கி அப்படியில்லை. நீங்கள் எப்போது கேட்டாலும் தருவதாகச் சொல்லி வைப்பை வாங்கி, அதையே பத்து இருபது வருடக் கடனாக வெளியே கொடுத்திருக்கும். எவ்வளவு நல்ல வங்கியானாலும் எல்லா வைப்பாளரும் ஒரே நாளில் வந்து நின்றால் அதனால் கொடுக்க முடியாது. அதற்கு ஒரு வதந்தி போதும். ஒரு வங்கி வாசலில் வரிசையைப் பார்த்தவர்கள் நேரே தங்கள் வங்கி வாசலுக்குப் போவார்கள்.

அமெரிக்காவில் 2008 செப்டம்பர் 15ஆம் திகதி லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியை விழ விட்டார்கள். 158 வருடப் பழைய நிறுவனம். அடுத்த நாளே ஏஐஜி என்ற காப்புறுதிக் கம்பனிக்கு அமெரிக்க மத்திய வங்கி 85 பில்லியன் டொலர் கடன் வரம்பு கொடுத்து, பதிலுக்கு ஏறத்தாழ 80 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் இரண்டு எதிரெதிர் முடிவுகள். லீமன் விழுந்ததும் வங்கிகள் ஒன்றை ஒன்று நம்பிக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. ஏஐஜியும் போனால் அதன் காப்புறுதியை நம்பியிருந்த வங்கிகள் எல்லாம் கூடவே போகும் என்ற பயம் வந்தது. அடுத்த மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் 700 பில்லியன் டொலர் மீட்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது.

இதைப் படிக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. அதே 2008 டிசம்பரில் கொழும்பிலும் ஒரு பாடம் நடந்தது. கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி, வைப்பு வாங்க அனுமதி இல்லாமலே, பெரிய வட்டி சொல்லிப் பொதுமக்களிடம் காசு சேர்த்திருந்தது. அது கவிழ்ந்தது. கோல்டன் கீ இருந்த அதே கம்பனிக் குழுமத்தைத்தான் செலான் வங்கியும் அப்போது சேர்ந்திருந்தது. கோல்டன் கீயின் நோய் செலானுக்கும் தொற்றியிருக்கும் என்று கதை பரவ, வைப்பாளர்கள் காசை எடுக்க ஓடினார்கள். டிசம்பர் 29ஆம் திகதி மத்திய வங்கி தலையிட்டது. செலானின் பணிப்பாளர் சபை அகற்றப்பட்டு, நிர்வாகம் இலங்கை வங்கியிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் புதிய பங்குகள் விற்று மூலதனம் சேர்க்கப்பட்டது. செலான் இன்றும் இயங்குகிறது. அன்று வைப்பு வைத்திருந்தவர்களின் காசு தப்பியது. கோல்டன் கீயை யாரும் தூக்கி நிறுத்தவில்லை. அதில் காசு போட்டவர்கள் வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள்.

கொடூரமாகத் தெரிந்தாலும், அந்தக் கோடு சரியான இடத்தில் போடப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். அனுமதி பெற்ற வங்கி விழுந்தால் சம்பந்தமே இல்லாத ஆயிரம் வியாபாரங்களின் காசோலைகள் திரும்பும். அனுமதியில்லாத கம்பனி விழுந்தால் அதில் காசு போட்டவர்கள் அழுவார்கள். அது பெரும் துயரம்தான், ஆனால் நாட்டின் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகாது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: செலானில் காப்பாற்றப்பட்டது வங்கி. அதை நடத்தியவர்கள் அல்ல.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது கம்பனி போனது. ஆனால் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் வைப்பாளர் ஒருவருக்கு ஆறு இலட்சம் ரூபா வரை கிடைக்க வழி இருந்தது. பிறகு அந்த உச்சவரம்பு பதினொரு இலட்சமாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்கு இது போதாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சின்னச் சேமிப்புக்கு இது உயிர்.

கடை வேறு, முதலாளி வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருக்கலாம் என்றால் இந்தப் பகுதியை வைத்திருங்கள். கம்பனி என்பது ஒரே பொருள் இல்லை. ஒரு பக்கம் அதன் வேலை இருக்கிறது: தொழிற்சாலை, ஊழியர், வாடிக்கையாளர், சாமான் கொடுப்பவர்கள். மறுபக்கம் அதன் மீது உரிமை கோருபவர்கள்: பங்குதாரர், கடன் கொடுத்தவர்கள், மேலிடத்து அதிகாரிகள். வேலையைக் காப்பாற்றிக்கொண்டே உரிமையாளர்களை நட்டப்பட விடலாம். பொதுப்பணம் கேட்டு வருபவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகக் கட்டிப் பேசுவார்கள். "பத்தாயிரம் பேருக்கு வேலை போகும்" என்று அவர்கள் சொல்லும்போது, பக்கத்தில் சொல்லாமல் விடும் வரி "எங்கள் பங்கும் போகும்" என்பதுதான்.

ஜெனரல் மோட்டர்ஸ் நல்ல உதாரணம். 2009 ஜூன் 1ஆம் திகதி அது வங்குரோத்து நீதிமன்றத்துக்குப் போனது. அமெரிக்க அரசாங்கம் போட்ட காசு ஏறத்தாழ 50 பில்லியன் டொலர். ஆனால் நிபந்தனை கடுமை. தலைமை நிறைவேற்று அதிகாரியை அதற்கு முன்னரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய பங்குகள் செல்லாக்காசாகின. கம்பனிக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் பெரும்பகுதியை இழந்தார்கள். பொன்டியாக் போன்ற கார் வகைகள் நிறுத்தப்பட்டன, தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மிஞ்சியது ஒரு சின்ன, கடன் குறைந்த, கார் செய்யத் தெரிந்த கம்பனி. 2013 டிசம்பரில் அரசாங்கம் கடைசிப் பங்கையும் விற்றபோது கணக்கில் சுமார் 11 பில்லியன் டொலர் துண்டு விழுந்திருந்தது. அந்த 11 பில்லியனுக்குத் தப்பிய வேலைகளும் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் தகுமா என்று அங்கே இன்றும் வாதம் நடக்கிறது. தகும் என்பது என் எண்ணம். அதை விட முக்கியம், விலை எவ்வளவு என்று பகிரங்கமாகத் தெரிந்தது.

காசே போடாமல் வேலையைக் காப்பாற்றியும் காட்டியிருக்கிறார்கள். 2009 ஜனவரியில் இந்தியாவின் சத்யம் கம்பனித் தலைவர் தான் பல வருடமாகக் கணக்கைப் பொய்யாக எழுதியதாக ஒப்புக்கொண்டார். இந்திய அரசாங்கம் பொதுப்பணம் எதையும் கொட்டவில்லை. பணிப்பாளர் சபையைக் கலைத்து, நம்பகமான ஆட்களைப் புதிதாக நியமித்தது. அவர்கள் வாடிக்கையாளர்களைப் பிடித்து வைத்து, மூன்று மாதத்தில் கம்பனியை ஏலத்தில் டெக் மஹிந்திராவுக்கு விற்றார்கள். ஆயிரக்கணக்கான பொறியியலாளர்களின் வேலை தப்பியது. அரசாங்கம் கொடுக்கக்கூடிய உதவிகளில் காசு ஒன்றுதான் என்றில்லை என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஜேர்மனி 2020இல் லுஃப்தான்சாவைத் தூக்கியபோதும் இதே கண்டிப்பு இருந்தது. நோய்ப்பரவலால் விமானங்கள் தரையில் நின்ற நேரம். தவறு கம்பனியினுடையது இல்லை. 9 பில்லியன் யூரோ உதவித் திட்டம். பதிலுக்கு அரசாங்கம் 20 சதவீதப் பங்கை ஒரு பங்கு 2.56 யூரோ என்று மலிவாக வாங்கியது. உதவி திரும்பும் வரை பங்கிலாபம் கிடையாது, மேலதிகாரிகளுக்கு ஊக்கத்தொகை கிடையாது. கம்பனி அவசர அவசரமாகக் காசைத் திருப்பிக் கொடுத்தது. 2022 செப்டம்பரில் பங்கை விற்று முடித்தபோது ஜேர்மன் அரசாங்கத்துக்கு 760 மில்லியன் யூரோ இலாபம். நிபந்தனை கசந்தால்தான் கம்பனிகள் சீக்கிரம் விட்டுப் போகும்.

முதலாளியே அரசாங்கம் என்றால்?

இதுவரை சொன்னதெல்லாம் தனியார் கம்பனிக் கதை. கொழும்பில் உட்கார்ந்து இந்த விடயத்தைப் பேசும்போது பாதிப் பேச்சு பொருந்தாமல் போகும். இங்கே அதிகம் தூக்கி நிறுத்தப்படுபவை அரசாங்கத்தின் சொந்தக் கம்பனிகள். தண்டிக்கத் தனியாக ஒரு பங்குதாரர் இல்லை. பங்குதாரர் நாம்தான்.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை எடுங்கள். 1979இல் எயார் லங்காவாகப் பறக்கத் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, பத்து வருடம் நிர்வாகத்தை நடத்தியது. 2007 டிசம்பரில் இலண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதியின் குழுவினருக்கு, ஏற்கனவே பயணிகளுக்குக் கொடுத்த ஆசனங்களை எடுத்துக் கொடுக்க நிறுவனம் மறுத்தது. எமிரேட்ஸ் நியமித்த தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை விசா இரத்தானது. 2008 மார்ச்சோடு நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸின் பங்கையும் அரசாங்கமே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் நட்ட வருடங்கள்.

2022 மே 16ஆம் திகதி, பதவியேற்று நாலு நாள் ஆன பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தொலைக்காட்சியில் ஒரு கணக்குச் சொன்னார். 2021 மார்ச் வரை அந்த நிறுவனத்தின் மொத்த நட்டம் 372 பில்லியன் ரூபா. விமானத்தில் கால் வைத்தே இராத ஏழைகளும் இதைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்றார். 372 பில்லியனை நாட்டின் ஏறத்தாழ இரண்டு கோடி பதினெட்டு இலட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 17,000 ரூபா. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 68,000. கொட்டாஞ்சேனையில் ஒரு முறைகூடக் கட்டுநாயக்கா விமான நிலையப் பக்கம் போகாத குடும்பத்துக்கும் அதே பங்குதான். அந்தக் காசை அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை.

அப்படியானால் காசு எந்த வழியாகப் போனது? விமானத்துக்கு எரிபொருள் வேண்டும். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் கடனுக்குக் கொடுத்தது. கூட்டுத்தாபனத்துக்கு எண்ணெய் வாங்க டொலர் வேண்டும். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் கடன் கொடுத்தன. வங்கிகளுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? திறைசேரியின் உத்தரவாதத்திலிருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் இது வழமையான வங்கிக் கொடுக்கல் வாங்கலாகத்தான் தெரியும். பாராளுமன்றத்தில் "இந்தக் கம்பனியைக் காப்பாற்றலாமா?" என்று ஒரு வாக்கெடுப்பு வைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. அமெரிக்காவில் 700 பில்லியனுக்கு மக்கள் பிரதிநிதிகள் சண்டை பிடித்தார்கள், முதல் முறை தோற்கடிக்கவும் செய்தார்கள். இங்கே அந்தச் சண்டை நடக்கவே இடமில்லை. எனக்குக் கோபம் வருவது நட்டத்தை விட இதில்தான்.

கூட்டுத்தாபனமும் தன் பங்குக்கு இறக்குமதி விலைக்குக் கீழே பெற்றோலும் டீசலும் விற்று வந்தது. அந்த விலையைத் தீர்மானித்தவர்கள் அரசியல்வாதிகள். நாமும் சந்தோசமாகத்தான் அடித்துக்கொண்டோம். 2022இன் முடிவில் அதன் வெளிநாட்டு நாணயக் கடனில் 880 பில்லியன் ரூபாவுக்கும் மேல் அரசாங்கத்தின் தலைக்கு மாற்றப்பட்டது. விமான நிறுவனத்தின் நட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் தேநீர்க் கடையில் விமான நிறுவனத்தைத் திட்டும் அளவுக்கு யாரும் இதைத் திட்டுவதில்லை.

இந்த நோயை ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஸ் கோர்னாய் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விவரித்துவிட்டார். தன் நாட்டின் அரச தொழிற்சாலைகளைப் பார்த்தவர் அவர். நட்டம் வந்தால் யாரோ நிரப்புவார்கள் என்று தெரிந்த மேலாளர், வாடிக்கையாளரைப் பார்ப்பதை விட அமைச்சைப் பார்ப்பதில்தான் நேரத்தைச் செலவழிப்பார். செலவைக் குறைப்பதால் அவருக்கு என்ன கிடைக்கும்? குறைத்தால் அடுத்த வருடம் ஒதுக்கீடும் குறையும். தனியார் வங்கிகளிலும் இதே புத்தி வரும்: இலாபம் வந்தால் எங்களுக்கு, நட்டம் வந்தால் அரசாங்கத்துக்கு என்று தெரிந்தால் யாரும் துணிந்து சூதாடுவார்கள். மீட்பினால் வரும் பெரிய கேடு இன்றைய செலவில் இல்லை. நாளைக்கு எல்லோரும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில் இருக்கிறது.

விமான நிறுவனத்துக்காகப் பேசுபவர்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும். நாம் தீவு. சுற்றுலா நம் சோறு. 2020 பெப்ரவரியில் வூஹானில் மாட்டிக்கொண்ட நம் மாணவர்களை அழைத்து வர ஸ்ரீலங்கன் விமானம்தான் போனது. வேறொரு நாட்டு நிறுவனம் போயிருக்குமா? இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. ஆனால் வருடத்தில் ஒரு முறை வரும் அவசரத்துக்கு ஒப்பந்தம் போட்டு விமானத்தை வாடகைக்கு எடுக்கலாம். அதற்காக ஒரு முழு நிறுவனத்தின் நட்டத்தைப் பல பத்தாண்டுகள் சுமக்க வேண்டியதில்லை. ஹங்கேரியின் மாலேவ் விமான நிறுவனம் 2012 பெப்ரவரி 3ஆம் திகதி நின்றது. புடாபெஸ்ட் தனித்துப் போய்விடவில்லை. சில வாரங்களிலேயே ரயன்எயார் போன்றவை அந்த வழிகளில் பறக்கத் தொடங்கின.

விழ விடுவதும் இலவசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 2019 செப்டம்பரில் 178 வருடப் பழைய தொமஸ் குக் பயண நிறுவனத்தைக் காப்பாற்றப் பிரித்தானிய அரசாங்கம் மறுத்தது. அடுத்த நாளே வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட ஒன்றரை இலட்சம் பேரைத் திருப்பிக் கொண்டுவர விமானங்களை வாடகைக்கு எடுத்து அனுப்ப வேண்டி வந்தது. "ஒரு சதமும் கொடுக்க மாட்டோம்" என்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியில் கட்டியவர்கள்

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அதற்குப் பின் நடந்ததைத் தனித்தனிச் செய்தியாகப் படித்திருப்பீர்கள். ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். 2019 முடிவில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட வற் வரி 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 ஆனது. ஒன்பது வருடம் உயர்த்தப்படாமல் கிடந்த மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் ஏறியது. 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப 450 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அரச கூட்டுத்தாபனங்களுக்கும் அரசாங்கத்துக்கும் கடன் கொடுத்து மெலிந்திருந்த அரச வங்கிகளுக்குத்தான் இது முக்கியமாகத் தேவைப்பட்டது.

இவற்றில் ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 2023 ஜூன் இறுதியில் ஐந்து நாள் தொடர் வங்கி விடுமுறை விட்டு, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசாங்கம் கடன் வாங்கியதற்குக் கொடுத்த பத்திரங்கள், தொடப்படவில்லை. வங்கி ஆடினால் வைப்பாளர்கள் ஆடுவார்கள் என்பது காரணம். செலானைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் சேமலாப நிதி தன் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது: 2025 வரை 12 சதவீதம், அதன் பிறகு 9 சதவீதம். மாற்றாவிட்டால் நிதியின் முறி வருமானத்துக்கு வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்று சட்டம் வந்தது. ஆகவே விருப்பத்தின் பேரில் மாற்றினார்கள்!

வங்கியைத் தொட்டால் நாளைக்கே வாசலில் வரிசை நிற்கும். சேமலாப நிதியைத் தொட்டால் யாரும் வரிசையில் நிற்க முடியாது. ஆணுக்கு ஐம்பத்தைந்து வயது வரை, பெண்ணுக்கு ஐம்பது வயது வரை காசு பெரும்பாலும் பூட்டியிருக்கிறது. மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவரும் அதில்தான் சேமிக்கிறார்கள். யாரால் ஓட முடியாதோ அவர்கள் தலையில் பாரம் இறங்கியது.

சரி, அரசாங்கம் தூக்கலாமா, கூடாதா? எதிர்காலத்தில் ஏதாவது ஒரு கம்பனியின் பெயர் செய்தியில் வரும்போது நான் முதலில் பார்ப்பது அது எவ்வளவு பெரியது என்பதை இல்லை. அது விழுந்தால் சம்பந்தமில்லாதவர்களின் காசோலை திரும்புமா? அதன் கொள்கலன் உண்மையிலேயே துறைமுகத்தில் நிற்கிறதா? காசு போட்ட பிறகு பழைய பங்குதாரர்களும் கடன் கொடுத்தவர்களும் எதை இழக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு "எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் என் பதிலும் இல்லை என்பதுதான். அரசாங்கத்தின் சொந்தக் கம்பனி என்றால், நட்டத்தைப் பகிரங்கமாக வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகப் போட்டு, அதற்கு வாக்குக் கேட்கட்டும். வங்கிக் கடனாக ஒளிக்க வேண்டாம்.

அந்தக் கடிதங்களுக்கு ஓர் எல்லை சட்டத்தில் இருந்தது. 2003ஆம் ஆண்டின் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் திறைசேரி உத்தரவாதங்களை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 4.5 சதவீதத்துக்குள் வைத்தது. முட்டும்போதெல்லாம் பாராளுமன்றம் அதை உயர்த்தியது: 7, பிறகு 10, 2021இல் 15. 2024இல் வந்த புதிய பொது நிதி முகாமைத்துவச் சட்டம் அதை 7.5க்கு இறக்கியிருக்கிறது. நிதி அமைச்சின் ஆண்டறிக்கையில் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு உத்தரவாதம் நிலுவையில் இருக்கிறது என்ற அட்டவணை வருடா வருடம் வருகிறது. அறிக்கை தமிழிலும் கிடைக்கும்.